குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா

மதுரை மாநகர் புலவரவையால் பெயர் பெற்றது. இந்நகரத்துச் சங்கப்பலகை தக்கார்க்கே இடந்தந்து தகாதாரைத் தள்ளிற்று என்றும், பொற்றாமரைக் குளத்தில் இட்ட ஏடுகளில் மெய்ப்புலமை வாய்ந்தனவே மிதந்தன என்றும் நம் முன்னோர் கதை கூறினர். கதையின் உண்மை எவ்வாறாயினும், ஒரு நூல் பெருமை பெறவேண்டின் கற்றோர் அவை அதனை ஆராய்ந்து ஏற்றல் வேண்டும் என்னும் கருத்து அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அத்தகைய மதுரையில், 1989ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆம் நாள், பல்கலைக்கழகத்துக் கூட்டமொன்றில் 66 வயதுடைய பெரியார் ஒருவர் ஒரு வேண்டுகோளை எடுத்துரைத்தார். அவர் தமக்கென ஒன்றும் கேட்டாரல்லர். குழந்தைகளுக்காக எழுதப்படும் இலக்கியத்தையும் பல்கலைக்கழகத்தார் பாடமாக ஏற்றல் வேண்டும் என்பதே அவர் கேட்டது. அதனைச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அவர் மயங்கி வீழ்ந்து உயிர் துறந்தார். அவரே தமிழ்நாடெங்கும் குழந்தைக் கவிஞர் எனப் போற்றப்பெற்ற அழ. வள்ளியப்பா ஆவார். அன்னாரது வாழ்க்கையையும் பணியையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

மதுரையினின்றும் வடகிழக்கே மேலூர், திருப்பத்தூர் வழியாகச் செல்வோர், வயல்வெளி குறைந்து செம்மண் நிலமும் ஊருணிகளும் மிகுந்துவரக் காண்பர். அதற்கப்பால், திருமயம் கோட்டைக்கு அணித்தாகிய நகரத்தார் ஊர்களுள் ஒன்று இராயவரம். முன்னாளில் அது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வூரில் 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 7ஆம் நாள் அழகப்பச் செட்டியார்க்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக வள்ளியப்பா பிறந்தார். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் இளமையிலேயே கணக்குப் பயின்று, பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளுக்குக் கொண்டுவிற்கப் போதல் அக்காலத்து வழக்கம். வள்ளியப்பாவும் பிற்காலத்தில் கணக்கேட்டினிடையே வாழ்ந்தவரே. ஆயினும் அவர் உள்ளம் கடல்கடந்த வாணிகத்தை நாடாது, பாட்டை நாடிற்று.

தொடக்கக் கல்வியைத் தம் ஊரிலே கற்றபின், கடியாபட்டிப் பூமீசுவர சுவாமி இலவச உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். தோழரோடு நாள்தோறும் நடந்து சென்று கற்ற காலம் அது. வழியில் இருந்த சினிமாக் கொட்டகையொன்றையும் அதன் கட்டண விவரத்தையும் கண்ட சிறுவர் வள்ளியப்பா, அதனை நகையாடி ஒரு பாட்டுக் கட்டினாராம். தோழர்கள் அதனைப் பாடிக்கொண்டே வழி நடந்தனராம். அவருடைய முதற் பாட்டு அதுவே என்பர். கூடிச் செல்லும் சிறுவர் வாயில் எளிதாய் ஏறி, நடையின் அலுப்பைப் போக்கிய பாட்டு அது. அவர் பின்னர்ப் பாடிய பாடல்களின் இயல்பெல்லாம் அம்முதற் பாட்டிலேயே முளைவிட்டிருந்தது எனலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1940ஆம் ஆண்டில் அவர் சென்னை சென்று, வை. கோவிந்தன் அவர்கள் நடத்திவந்த சக்தி காரியாலயத்தில் காசாளராக அமர்ந்தார். சக்தி, அந்நாளில் தமிழ்ப் பதிப்புலகத்தில் புதுவழி வகுத்த நிலையம். அறிஞர் பலர் வந்துபோகும் அவ்விடத்தில் பணப்பெட்டியருகே அமர்ந்திருந்த இளைஞரிடம் எழுத்தார்வம் இருத்தலை ஆசிரியர் தி. ஜ. ரங்கநாதன் கண்டுகொண்டார். அவர் தூண்டுதலால் வள்ளியப்பா எழுதிய முதற் கதை சக்தி இதழில் வெளிவந்தது. இளைஞர் ஒருவரிடத்து மறைந்திருக்கும் ஆற்றலைப் பெரியோர் ஒருவர் கண்டு ஒரு சொல் சொல்வது எத்துணைப் பயன்தரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. வள்ளியப்பா இதனை மறந்தாரல்லர். பின்னாளில் தாமும் எண்ணற்ற இளைஞரை அவ்வாறே எழுதத் தூண்டினார்.

1941ஆம் ஆண்டில் அவர் இந்தியன் வங்கியில் பணியேற்றார். அவ்வங்கி 1907ஆம் ஆண்டில், நகரத்தார் பலரின் துணையோடு சென்னையில் தோன்றியது. அதில் 41 ஆண்டுகள் உழைத்து 1982ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார். எழுத்தையே பிழைப்பாகக் கொண்டோர் வறுமையில் வாடுதலையும், பிழைப்பையே பெரிதாகக் கொண்டோர் எழுத்தைக் கைவிடுதலையும் நாம் கண்டிருக்கின்றோம். வள்ளியப்பா இரண்டனுள் எதனையும் செய்திலர். பகலில் பிறர் பணத்துக்குக் கணக்கு எழுதினார். எஞ்சிய காலத்தையெல்லாம் குழந்தைகளுக்கு அளித்தார். 41 ஆண்டுகள் இவ்விரண்டையும் குறைவின்றிச் செய்தல் எளிதன்று. ஓய்வு நேரம் இல்லையே என்று கூறி நற்பணிகளைத் தள்ளிப்போடும் நம்மனோர் இதனைக் கருதிப் பார்த்தல் நன்று.

இனி, அவர் பாடத் தொடங்கிய காலத்தில் தமிழில் குழந்தைப் பாட்டின் நிலை எத்தகையது என்பதை அறிந்தாலன்றி அவர் பணியின் சிறப்பு விளங்காது. நம் நாட்டில் பிள்ளைகள் எழுத்தறிந்தவுடன் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனப்பாடம் செய்தனர். அவை அறிவுக்கு அரியனவாயினும், முதியோர் பிள்ளைக்கு உரைக்கும் அறங்களாகவே அமைந்தவை. பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகை பிள்ளையைப் பற்றியதேயன்றிப் பிள்ளை பாடுவதற்குரியதன்று. தாலாட்டோ தாயின் பாட்டு. 1904ஆம் ஆண்டில் நம் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராயிருந்த பாரதியார், 1915ஆம் ஆண்டில் பாப்பாப் பாட்டைப் பாடிக் குழந்தையோடு நேரே பேசினார். நாஞ்சில் நாட்டுக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவர்கள் கன்றும் பசுவும் கிளியும் காக்கையும் விளையாடும் இனிய பாடல்களைத் தந்தார். வழி திறந்துவிட்டது. ஆயினும் அவ்வழியிலேயே நின்று, வாழ்நாள் முழுதும் குழந்தைக்கே பாடுவதென உறுதி பூண்டார் ஒருவர் வேண்டியிருந்தது. அவ்விடத்தை நிரப்பியவர் வள்ளியப்பா.

1944ஆம் ஆண்டில், 23 பாடல்கள் கொண்ட மலரும் உள்ளம் என்னும் அவரது முதல் நூல் வெளிவந்தது. அது படிப்படியாக வளர்ந்து, 1954ஆம் ஆண்டில் 135 பாடல்கள் கொண்ட முதற் தொகுதியாகவும், 1961ஆம் ஆண்டில் 136 பாடல்கள் கொண்ட இரண்டாம் தொகுதியாகவும் உருப்பெற்றது. இப்பாடல்களில் பேசுபவன் பெரும்பாலும் குழந்தையே. தன் வீட்டையும், தெருவையும், தோட்டத்தையும், வண்டியையும், மழையையும், பள்ளியையும் குழந்தை தன் கண்ணால் கண்டு தன் வாயால் சொல்லும். அறிவுரை இல்லாமல் இல்லை. ஆனால் அது பாலிற் கலந்த சருக்கரைபோல் தனித்துத் தோன்றாது கரைந்து நிற்கும். சொற்களோ ஐந்து வயதுக் குழந்தை அகராதி பாராமல் அறிவன. அடிகள் குறுகியவை, ஓசை கைதட்டுக்கு இசைவது.

இதற்குச் சான்றாக, தமிழ்க் குழந்தைகள் பலரும் அறிந்த ஒரு பாட்டின் பொருளைக் கூறுவாம். ஒரு தட்டில் எட்டு இலட்டு இருக்கின்றன. அண்ணன் அவற்றிற் பாதியை எடுத்துக்கொள்கின்றான். எஞ்சியவற்றைத் தங்கை பிட்டு வாயில் இட்டுக்கொள்கின்றாள். ஆளுக்கு நான்கு ஆயிற்று, எட்டும் தீர்ந்தன, தட்டு வெறிதாயிற்று. கதை இவ்வளவே. ஆனால் அடிகளின் இறுதியெல்லாம் டகர இரட்டிப்பே ஒலித்து வருதலைக் காண்மின். சிறுவர் பெயரும், பண்டத்தின் பெயரும், எண்ணும், அதனை உண்ணும் செயலும் ஒரே ஓசையில் வந்து விழுகின்றன. குழந்தை இதனைப் பாடுகையில் நாக்குப் பழகுகின்றது. பாதியென்பது எட்டில் நான்கு என்னும் கணக்கு மனத்தில் பதிகின்றது. பண்டத்தைச் சமமாகப் பகிர்தல் வேண்டும் என்னும் நெறியும் யாரும் சொல்லாமலே உள்ளே புகுகின்றது. முடிவில் வெறுந்தட்டைக் கண்டு குழந்தை நகைக்கும். இயைபுத் தொடையின் இலக்கணத்தைப் பல நாள் படித்து அறியும் நாம், அதன் பயனை இச்சிறு பாட்டில் ஒரு நொடியிற் காண்கின்றோம். வங்கியிற் கணக்கு எழுதிய கை எழுதிய பாட்டன்றோ இது!

பாட்டோடு அவர் நின்றுவிடவில்லை. ஈசாப்பின் பழங்கதைகளைக் குழந்தைகள் பாடுதற்கேற்பக் கதைப் பாடல்களாக ஆக்கினார். காந்தியடிகளின் வரலாற்றைப் பாட்டிலே காந்தி கதை என்னும் நூலாகப் பாடினார். உலகப் போர் பர்மாவைப் பற்றியபோது ஆயிரக்கணக்கான தமிழர் வீடும் பொருளும் இழந்து தாயகம் திரும்பினர். அத்துயரம் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றையும் தொட்டது. அதனைப் பின்னணியாகக் கொண்டு பர்மா ரமணி என்னும் நெடுங்கதையை அவர் சிறுவர்க்காக எழுதினார். நீலா மாலா என்னும் கதை வேறு. பெரியோர்களின் இளமைக் காலத்தையும் வாழ்க்கையையும் எளிய நடையிற் கூறும் நூல்கள் வேறு. நம் நாட்டு ஆறுகளைப் பற்றிய அவரது நூலை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. இவ்வாறு, படிக்கத் தொடங்கும் சிறு பிள்ளை முதல் மீசை அரும்பும் சிறுவன் வரை, ஒவ்வொரு பருவத்துக்கும் ஏற்ற நூலை ஒருவரே எழுதித் தந்தார்.

நூல் வாங்க இயலாத சிறுவரை எட்டுவதற்குப் பத்திரிகையே வழி என்பதை அவர் உணர்ந்திருந்தார். பாலர் மலர், டமாரம் போன்று ஒலிக்கும் பெயருடைய டும்டும், சங்கு, பூஞ்சோலை ஆகிய சிறுவர் இதழ்களின் ஆசிரியப் பொறுப்பை அவர் வெவ்வேறு காலங்களில் ஏற்று நடத்தினார். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிச் சிறுவர் இதழ்கள் பல தமிழில் தோன்றின. 1947ஆம் ஆண்டில் அம்புலிமாமாவும், 1950ஆம் ஆண்டில் கண்ணனும் வெளிவரத் தொடங்கின. அவ்வாறு தோன்றியவற்றுட் பல சில ஆண்டுகளில் மறைந்தன. சிறுவர் இதழ் நடத்துதல் பொருள் இழக்கும் தொழிலாகவே பலர்க்கு முடிந்தது. இதழ் ஒன்று நின்றால் வள்ளியப்பா மற்றோர் இதழுக்கு எழுதினார். எழுதுதலை மட்டும் நிறுத்தினாரல்லர்.

தனி மரம் தோப்பாகாது என்பது நம் பழமொழி. குழந்தைகளுக்கு எழுதுவோரைப் பிற எழுத்தாளர் சிறியோராக எண்ணிய காலம் அது. பெரியோர்க்கு எழுத மாட்டாதவரே சிறுவர்க்கு எழுதுவர் என்னும் ஏளனமும் இருந்தது. இந்நிலையை மாற்றக் கருதி, 1950ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அவர் நிறுவினார். முன்பு தமக்கு வேலை தந்த சக்தி வை. கோவிந்தன் அவர்களையே அதன் தலைவராக்கித் தாம் செயலாளராய்த் தொண்டு புரிந்தார். தலைமை பிறர்க்கும் உழைப்புத் தமக்கும் என்பது அவர் கொள்கைபோலும். அச்சங்கம் மாநாடுகள் கூட்டியது. புதிய எழுத்தாளரை ஊக்கியது. தமிழில் சிறுவர்க்கு எழுதுவோர் யார் யார் என்பதைத் தொகுத்து ஒரு நூலாகவும் வெளியிட்டது. இந்நூலின் பயன் பெரிது. தம்மைப்போல் எழுதுவோர் பலர் உளர் என்பதை அதுகாறும் அறியாது தனித்தனியே உழைத்தவர்கள், ஒரே பட்டியலில் தம் பெயர்களைக் கண்டு தாமும் ஓர் இலக்கியக் குடியினர் என்று உணர்ந்தனர்.

வங்கிப் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கோகுலம் என்னும் சிறுவர் இதழின் கௌரவ ஆசிரியராய் அமர்ந்தார். அவர் ஓய்வு பெற்ற அதே 1982ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்குத் தமிழ்ப் பேரவைச் செம்மல் என்னும் பட்டமளித்துச் சிறப்பித்தது. கவிஞரைப் பாராட்டுதல் ஒன்று. அவர் எழுதும் இலக்கியவகையைப் பாடமாக ஏற்றல் மற்றொன்று. முன்னது நிகழ்ந்தது, பின்னது நிகழவில்லை. தம் பட்டத்தைக் கண்டு மகிழ்ந்து அமைதியுறாமல், பின்னதற்காகவே அவர் இடைவிடாது வாதாடி வந்தார்.

அவர் வாதாடிய இடத்தின் சிறப்பையும் ஈண்டு நினைத்தல் தகும். 1966ஆம் ஆண்டில் மதுரைப் பல்கலைக்கழகம் என்னும் பெயருடன் தோன்றிய அப்பல்கலைக்கழகம், 1978ஆம் ஆண்டில் காமராசர் பெயரைப் பூண்டது. காமராசரோ, முதலமைச்சராயிருந்தபோது சிற்றூர்தோறும் பள்ளி திறந்து, பசித்து வரும் பிள்ளைகட்குப் பகலுணவும் அளித்து, மாடு மேய்த்த சிறுவரை எழுத்தறியச் செய்தவர். அவ்வாறு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் வயிறார உண்டபின் கையில் எடுத்துப் படிப்பதற்கு நல்ல நூல் வேண்டாவா? உசிலம்பட்டிப் புஞ்சைக் காட்டிலும், சோழவந்தான் வயற்கரையிலும், மேலூர்க் கண்மாய்க் கரையிலும் உள்ள பள்ளிகளில் முதன்முதல் நூலைத் தொடும் பிள்ளை, அதனை விரும்பித் தொடுமா, வெறுத்துத் தள்ளுமா என்பதை முதற் பாடமே முடிவு செய்கின்றது. காமராசர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகத்தில் வள்ளியப்பா முன்வைத்த கோரிக்கை, ஆதலின், இடமறிந்து கேட்ட கோரிக்கையே.

1989ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் அவர் இறுதியாக அக்கோரிக்கையை எழுப்பினார். பேசிக்கொண்டிருந்தவர் மயங்கி வீழ்ந்தார், மீண்டும் எழுந்தாரல்லர். இராயவரத்திற் பிறந்து சென்னையில் வாழ்ந்த கவிஞரது வாழ்வு மதுரைப் பல்கலைக்கழகத்தில் முடிவுற்றது. பொதுவாக ஒருவர் இறுதி மூச்சில் தம் மக்களையோ உடைமையையோ நினைத்தல் இயல்பு. இவர் தமிழ்நாட்டுக் குழந்தைகள் அனைவரையும் நினைத்தார்.

அவர் கேட்டது நியாயமானதா என்று நடுநிலையில் நின்று ஆராய்வாம். குழந்தைப் பாட்டு எளியது. எளியதை ஆராய்தற்குப் பல்கலைக்கழகம் எதற்கு என்பார் உளர். எளிமை என்பது முயற்சியின்மை அன்று. அரிய சொல்லை அகராதியில் தேடி எடுத்து அடுக்குதல் பயிற்சியுடையார் எவர்க்கும் கூடும். ஐந்து வயதுப் பிள்ளை அறிந்த சில நூறு சொற்களைக் கொண்டே பொருளும் ஓசையும் நகையும் பொருந்தப் பாடுதல் ஒரு சிலர்க்கே கைவரும். ஐயமுடையார் ஓர் மாலைப்பொழுதில் நான்கடி எழுதி, அண்டை வீட்டுக் குழந்தைக்குப் பாடிக் காட்டிப் பார்ப்பாராக. குழந்தையைப்போல் கடுமையான நடுவர் பிறர் இலர். பிடிக்காத பாட்டை அது மறுத்துரைப்பதுமில்லை, எழுந்து ஓடிவிடும்.

நல்ல குழந்தை நூல் தானே பரவும், ஆராய்ச்சி வேண்டா என்பாரும் உளர். இதுவும் பொருந்தாது. குழந்தை தன் நூலைத் தான் தேர்ந்து வாங்குவதில்லை. பெற்றோரும் ஆசிரியரும் பாடநூற் குழுவினருமே தேர்ந்து தருகின்றனர். அவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் நம்மைப்போல் கல்லூரியில் பயின்றவர்களே. கம்பனையும் இளங்கோவையும் ஆராயக் கற்ற நாம், குழந்தைப் பாட்டில் நல்லது எது, போலி எது என்று பிரித்தறியக் கல்லாவிடின், பின்னாளில் ஆசிரியராகவும் பெற்றோராகவும் நாம் தரும் நூல் குருடன் கொடுத்த கோலாகவே இருக்கும். சங்கப்பலகை நூல்களை ஆராய்ந்தது புலவரைப் பெருமைப்படுத்த மட்டுமன்று. போலியினின்று மக்களைக் காத்தற்கும் ஆம். தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத குழந்தைகட்கு அக்காவல் பன்மடங்கு வேண்டும்.

அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. இடைக்காலத்தில் சில நன்மைகள் விளைந்துள்ளன. 2010ஆம் ஆண்டு முதல் சாகித்திய அக்காதெமி இந்திய மொழிகளில் வெளிவரும் சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனிப் பரிசு வழங்கி வருகின்றது. தமிழும் அதனைப் பெறுகின்றது. குழந்தை இலக்கியத்தைப் பாடமாகப் பயிலும் வாய்ப்பும் சில கல்லூரிகளில் உண்டு. ஆயினும் அதனை விரும்பிக் கற்போர் தொகை சிறிதே. பாடம் அச்சிட்ட தாளில் இடம் பெறுதல் எளிது. கற்போர் உள்ளத்தில் மதிப்புப் பெறுதலே அரிது. வள்ளியப்பாவின் கோரிக்கையில் எஞ்சி நிற்கும் பகுதி இதுவே. இதனை நிறைவேற்றுதல் பல்கலைக்கழக அவையின் கையில் இல்லை. நம் கையில் உள்ளது.

மாணவ அன்பர்காள்! நம்முட் பலர் இவ்வாண்டு கல்லூரியை விட்டுச் சென்று, நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் வணிகராகவும் ஆவோம். எத்தொழிலை மேற்கொள்ளினும், வாரத்தில் ஒருபொழுதேனும் நம் ஊர்ப் பள்ளிக் குழந்தைகளைக் கூட்டி ஒரு நல்ல பாட்டைச் சொல்லிக்கொடுத்தல் நமக்கு இயலாததன்று. எழுத வல்லார் எழுதுக. வல்லாதார் நல்லதை ஆராய்ந்து தேர்ந்து கொடுக்க. 41 ஆண்டுகள் வங்கியில் உழைத்துக்கொண்டே ஒருவர் ஒரு மொழியின் குழந்தைகளுக்கெல்லாம் பாட்டுத் தந்தாராயின், நாம் ஒரு தெருவின் குழந்தைகளுக்கேனும் ஒரு பாட்டுத் தரலாகாதா? அழ. வள்ளியப்பா மதுரையில் முடிக்காது விட்ட பேச்சை மதுரை மாணவர் நாம் தொடர்ந்து பேசுவோமாக.